ஸ்கோப்புல கோடு எங்க இருக்கணும்?

ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போற நண்பர்கள் எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி: "ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேனா, செகண்டா?" முன்னல்லாம் யோசிக்காம "ஃபர்ஸ்ட்டுதான், காசு போனா போகுது"ன்னுவேன். இப்ப அப்படிச் சொல்றதில்ல.

பரிச்சயம் இல்லாதவங்களுக்கு: ஸ்கோப்புக்குள்ள தெரியுற குறுக்குக் கோட்டுக்குப் பேரு ரெட்டிகிள். அதுல சின்னச் சின்னதா அளவுக்கோடு இருக்கும், மில் கணக்குல. ஒரு மேப்பைப் பூதக்கண்ணாடியால பாக்குறீங்கன்னு வெச்சுக்குங்க. ஸ்கேலை மேப் மேலயே வரைஞ்சிருந்தா ரெண்டும் சேர்ந்தே பெருசாகும், அளவு தப்பாது. அது ஃபர்ஸ்ட். கண்ணாடி மேல வரைஞ்சிருந்தா மேப் மட்டும் பெருசாகும், ஸ்கேல் அப்படியே நிக்கும். அது செகண்ட். அதுல ஒரே ஒரு ஜூம்லதான் அளவு சரி, பெரும்பாலும் கடைசி ஜூம்ல.

இதனால என்ன குடி முழுகிப் போச்சுங்கறீங்களா? டெக்சாஸ் கோடையில 24 மடங்கு ஜூம் வெச்சா கானல்ல தகடு நெளியும். 12க்கு இறக்குவீங்க. 600 யார்டுல காத்துக்காக ஒரு கோடு தள்ளிப் பிடிப்பீங்க. செகண்ட்ல அந்த ஒரு கோடு இப்போ ரெண்டு மில். 600 யார்டுல ஒரு மில்லுன்னா 21.6 இஞ்ச். குண்டு தகட்டைத் தாண்டி மண்ணுல போய் விழும். எனக்கு விழுந்துச்சு, நாலு பேர் முன்னாடி. அந்தக் கடுப்புலதான் 6-24 ஃபர்ஸ்ட் ஒண்ணு வாங்கினேன். ரேஞ்சுல ராஜாதான் அது.

அதையே 2022 நவம்பர்ல காட்டுப்பன்னி வேட்டைக்கும் எடுத்துட்டுப் போனேன் பாருங்க, அங்கதான் வினை.

பொழுது சாயுற நேரம். புதர்லேர்ந்து பன்னி வெளிய வந்தப்ப 80 யார்டுகூட இல்ல. ஜூமை 6க்கு இறக்கினேன். ரெட்டிகிளும் கூடவே சுருங்கி, தலைமுடியை விட மெல்லிசாப் போயிருச்சு. கறுப்புப் பன்னி மேல கறுப்புக் கோடு. ரெட்டிகிளுக்கு விளக்கு உண்டு, பேட்டரி செத்துக் கிடந்துச்சு (அது முழுக்க என் தப்பு). விட்டுருக்கணும். விடாம, குத்துமதிப்பா சுட்டேன். பன்னி கத்திக்கிட்டே ஓடிருச்சு. டார்ச் அடிச்சு ரெண்டு மணி நேரம் ரத்தத் துளியைத் தொடர்ந்து போனோம். ஓடையோட தடம் முடிஞ்சு போச்சு. பயிரை நாசம் பண்ற ஜந்துதான். ஆனாலும் அப்படி விட்டுட்டு வந்தது இன்னும் உறுத்துது.

ஃபர்ஸ்ட் மேல மொத்தப் பழியையும் போடவும் முடியாது. பழைய ஜெர்மன் வேட்டை ஸ்கோப்பெல்லாம் ஃபர்ஸ்ட்தான். ஆனா அதுல மூணு பக்கமும் விரல் மாதிரி தடிச்ச கம்பி இருக்கும், அரை இருட்டுலயும் தெரியும். என்னுது தகடு அடிக்கச் செஞ்ச மெல்லிசுக் கோடு.

அதனால இப்ப நான் திருப்பிக் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: ஜூமை மாத்தி மாத்தி, அந்த அளவுக்கோட்டை வெச்சுக் குறி பிடிப்பீங்களா? ஆமான்னா ஃபர்ஸ்ட். 200 யார்டுக்குள்ள வேட்டைன்னா செகண்ட், மிச்சக் காசுக்கு நல்ல குண்டு வாங்குங்க. டரட்டைத் திருகி கிளிக் எண்ணிச் சுடுறவங்களுக்கு இந்தச் சண்டையே கிடையாது. எந்த ஜூம்லயும் கிளிக் அளவு மாறாது.

வேட்டை ரைஃபிள்ல இப்ப சாதா 3-9 செகண்ட்தான் மாட்டியிருக்கேன். அந்த 6-24 தகடு அடிக்க மட்டும். பேட்டரியும் மாத்தியாச்சு.