பம்ப் மேல் பழி போடாதீர்கள்!

பழைய மெர்சிடிஸ் டபிள்யூ 124 காரில் சென்ட்ரல் லாக் மக்கர் செய்கிறதா? பெட்ரோல் டேங்க் மூடி திறக்கவில்லையா? "பம்ப் போச்சு சார், மாத்திடணும்" என்பதுதான் பல மெக்கானிக்குகளின் முதல் வார்த்தை. சுத்த சோம்பேறித்தனம் நண்பர்களே!

1984-ல் அறிமுகமான இந்தக் காரில் கதவு, டிக்கி, டேங்க் மூடி எல்லாப் பூட்டும் காற்றில்தான் இயங்குகின்றன. பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரே பம்ப், குழாய்கள் வழியே காற்றை அழுத்தியும் உறிஞ்சியும் வேலை வாங்குகிறது. எங்கோ ஒரு ரப்பர் சவ்வு கிழிந்தால் போதும், அத்தனை பூட்டும் தடுமாறும். பம்ப்பும் நெடுநேரம் ஓடி ஓடித் தேயும். கசிவை விட்டுவிட்டுப் புது பம்ப் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தால் திருடன் சிக்கிவிடுவான். அதுவரை டேங்க் மூடியை நெம்பி உடைக்க வேண்டாம். டிக்கியின் வலப்பக்க உறையை விலக்கி, பூட்டுக் கம்பியைக் கையாலேயே இழுக்கலாம்.

தேடிப் பார்க்காமல் பில் போடுவதற்குப் பெயர் ரிப்பேரா?