புதுச்சேரியில் ஓர் ஆம்லெட்

மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் போதும், சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகப் புதுச்சேரிக்குக் கிளம்பிவிடுகின்றன. கடற்கரைச் சாலையில் நடை, டூமாஸ் வீதியில் மஞ்சள் சுவருக்கு முன்னால் படம். சாப்பாடு மட்டும் நம் ஊரிலேயே கிடைக்கும் பிரியாணியும் பரோட்டாவும். பிரெஞ்சு உணவகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்று நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. 1674 முதல் 1954 வரை, இடையிடையே கைமாறினாலும், பிரெஞ்சுக்காரர்கள் இருந்த ஊர் அது. அவர்கள் கட்டிய சுவரைப் பார்க்க அத்தனை தூரம் போகிறவர்கள் அவர்கள் சமைத்ததையும் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதிலும் நம் பகுதிக்காரர்களுக்கு அந்தச் சமையலில் தனி உரிமையே இருக்கிறது.

காரணம் முட்டை. நாமக்கல்லில் அறிவிக்கும் பண்ணை விலையைப் பார்த்துத்தான் தமிழகம் முழுக்க முட்டை வியாபாரம் நடக்கிறது. ஆனால் அவித்தது, பொரித்தது, குழம்பில் போட்டது என்று நாலைந்து பக்குவத்தோடு நாம் நின்றுவிட்டோம். பிரெஞ்சுச் சமையலில் பாதி முட்டையின் மேல்தான் நிற்கிறது. ‘ஆம்லெட்’ என்பதே அவர்கள் சொல். நாம் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு இரண்டு பக்கமும் சிவக்க விடுகிறோம். அவர்கள் வெண்ணெய் நுரைத்து அடங்கும் நேரத்தில் முட்டையை ஊற்றி, வாணலியை ஆட்டிக்கொண்டே கிளறி, நிறம் மாறுவதற்குள் சுருட்டித் தட்டில் கவிழ்த்துவிடுவார்கள். மேலே வழவழப்பு, உள்ளே தளதளப்பு. முட்டையின் சொந்த ருசி என்ன என்பது அப்போதுதான் நாக்குக்குத் தெரியும். இனிப்புக்கு வரும் கேரமல் கஸ்டர்டும் முட்டை, பால், சர்க்கரை மூன்றே பொருள். வெந்நீரில் கிண்ணத்தை வைத்து நிதானமாக வேகவிடும் பக்குவம்தான் எல்லாமே. சேலத்துக்காரர்களுக்கு இன்னொன்று: நம் ஜவ்வரிசியின் உறவான மரவள்ளி மாவுமணியைப் போட்டுத்தான் பிரெஞ்சுச் சமையலில் ஒரு பழைய சூப்பைக் கெட்டியாக்குகிறார்கள்.

காரமே இல்லையே என்பார்கள். உண்மைதான், ஆனால் மாதம் முழுக்கக் காரம் சாப்பிடுகிற நாக்கு ஒரு வேளை வேறொன்றைக் கேட்டுப் பார்த்தால் குறைந்துவிடாது. அரைவேக்காட்டு முட்டை ஆகுமா என்ற கேள்வியை மட்டும் ஒதுக்க முடியாது. பிரெஞ்சுக்காரர்களின் மயோனைஸ் நம் ஊர் கிரில் சிக்கன் கடை வரை வந்து, பச்சை முட்டையில் செய்ததைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்யும் அளவுக்குப் போனது. பயமிருந்தால் நன்றாக வேகவைக்கச் சொல்லலாம். கஸ்டர்டு எப்படியும் வெந்ததுதான். மாட்டிறைச்சியும் மதுவும் வேண்டாம் என்றால் கேட்டுத் தெரிந்துகொண்டு தவிர்ப்பது சுலபம். விலை கூடுதல் என்பது நியாயமான குறை. நாலு பேருக்கு நாலு தட்டு வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. மதியத்தில் போய், ஒரு சூப்பையும் ஒரு ஆம்லெட்டையும் ஒரு இனிப்பையும் பகிர்ந்துகொண்டாலே விஷயம் பிடிபடும்.

புதுச்சேரியில் கிடைப்பது அசல் பிரெஞ்சு உணவே அல்ல, நம் மசாலா கலந்தது என்று வேறு சிலர் ஒதுக்குகிறார்கள். அந்தக் கலப்புக்காகவே போகலாம் என்பேன். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வெயிலில் நாள்கணக்கில் காயவைக்கும் தாளிப்பு வடகம் நமக்குத் தெரியும். அதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘வடுவன்’ என்று பெயர் மாற்றிக் கொண்டுபோனார்கள். இன்று பிரான்சின் சமையல்காரர்கள் மீனுக்கும் வெண்ணெய்ச் சாற்றுக்கும் அதைத் தூவுகிறார்கள். புதுச்சேரியில் மீன் தட்டு வரும்போது, அதில் வடகம் சேர்ந்திருக்கிறதா என்று பரிமாறுகிறவரைக் கேட்டுப் பாருங்கள்.