ஐந்தே காலா, ஆறரையா?

வானொலியில் வேலை பார்ப்பவள் என்றால் ஒலி சம்பந்தப்பட்ட அத்தனையும் தெரிந்திருக்கும் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். கோயிலில் ஒலிபெருக்கி இரைந்தாலும் எனக்குத்தான் அழைப்பு, கல்யாண மண்டபத்தில் மைக் கீச்சிட்டாலும் எனக்குத்தான் அழைப்பு. இப்போது சில மாதங்களாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: மோட்டார் சைக்கிள் ஸ்பீக்கர்.

பிள்ளைகள் படித்து முடித்து, வீட்டுக் கடனும் ஓரளவு அடைந்த பிறகு, நம் அண்ணன்மார்கள் சிலர் ஒரு பெரிய டூரிங் வண்டி வாங்குகிறார்கள். புதிது வாங்க மனசு வராது. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய ஹார்லியோ கோல்ட் விங்கோ வரும். எஞ்சின் நன்றாக இருக்கும். ஆனால் நம் ஊர் வெயிலும் மழையும் ஸ்பீக்கரைத் தின்றிருக்கும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் பஞ்சு மாதிரிப் பொருளால் ஆனதென்றால், விரலால் தொட்டால் உதிரும். பாட்டைக் கொஞ்சம் கூட்டினால் கரகரவென்று காகிதம் கிழிகிற சத்தம். உடனே எனக்கு ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு: "ஏம்மா, என்ன சைஸ் போடலாம்?"

அவர்கள் கேட்க வருவது வேறு: "எவ்வளவு பெரியது போடலாம்?" ஐந்தே கால் அங்குலத்தை எடுத்துவிட்டு ஆறரை போட்டால் என்ன? அதுதான் கேள்வி.

ஆசையில் நியாயம் இருக்கிறது. கணக்குப்படி ஐந்தே கால் அங்குலத்தைவிட ஆறரை அங்குல வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அவ்வளவு காற்றை அது கூடுதலாகத் தள்ளும். சிக்கல், ஐந்தே கால், ஆறரை என்பவை வெறும் பெயர்கள் என்பதில்தான். காலணிக் கடையில் ஒரு நிறுவனத்தின் 8 ஆம் எண் இன்னொரு நிறுவனத்தின் 9 ஆம் எண்ணாக இருப்பது போல. 6.5 என்று பெட்டியில் அச்சிட்ட இரண்டு ஸ்பீக்கர்களை அருகருகே வைத்தால் ஒன்றின் சட்டம் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும், பின்னால் உள்ள காந்தமும் ஆழமாக இருக்கும். வண்டியின் பெயரும் உதவாது. ஒரே மாடலில்கூட வருடத்துக்கு வருடம் முன்கூடு மாறியிருக்கலாம். அதனால் பெயரைச் சொல்லிக் கடையில் வாங்காதீர்கள். பழைய ஸ்பீக்கரைக் கழற்றி, ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் துளையின் விட்டம். ஸ்பீக்கரின் வெளி விளிம்பு இல்லை, அது உள்ளே இறங்குகிற ஓட்டை. இதை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். அங்குலத்தில் கால், அரைக்கால் என்று போனால் குழம்பும். அடுத்து திருகாணி ஓட்டைகளுக்கு இடையே உள்ள தூரம். மூன்றாவதாக ஆழம், பலர் கோட்டை விடுவது இதில்தான். ஸ்பீக்கர் உட்காருகிற தளத்திலிருந்து உள்ளே முதலில் எது இடிக்கும் என்று பாருங்கள். ரேடியோவின் தாங்கியாக இருக்கலாம், கம்பிக்கட்டாக இருக்கலாம். முன்கூடு ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புகிற வண்டி என்றால், ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். நேராக நிற்கும்போது இடிக்காத கம்பி, திருப்பும்போது இழுபடும். கடைசியாக முன்பக்கம்: நடுவில் இருக்கும் சின்ன ட்வீட்டர் வெளியே துருத்திக்கொண்டு வலைமூடியில் முட்டுமா? அரை மில்லிமீட்டர் முட்டினாலும் நெடுஞ்சாலை முழுக்கக் கிடுகிடுவென்று ஆடும்.

தடித்த அட்டையில் புது ஸ்பீக்கரின் அளவுக்கு வட்டம் வெட்டி வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. தயாரிப்பாளர்கள் வெட்டுவிட்டம், பொருத்தும் ஆழம் இரண்டையும் குறிப்பேட்டில் போட்டிருப்பார்கள். போடாத ஸ்பீக்கரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கிள்ளானில் என் பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார். அவர் என்னைக் கேட்பதற்கு முன்பே ஒரு கடைக்குப் போய்விட்டார். ஆறரை அங்குலம் தாராளமாக உட்காரும் என்று கடையில் சொன்னார்கள். உட்காரவில்லை. அவர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் முன்கூட்டின் உள்பக்கத்தை ரம்பத்தால் வெட்டிவிட்டார்கள். வட்டமாகக்கூட இல்லை, ஒரு பக்கம் அலை அலையாக. இடைவெளியில் சிலிக்கான் பசை. ஸ்பீக்கருக்கும் கூலிக்கும் சேர்த்து 1,400 ரிங்கிட் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வெட்டிய பிளாஸ்டிக்கை ஒட்டலாம், பூசலாம். பழையபடி ஆக்க முடியாது. வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கை வைத்துப் பார்க்கும் இடமும் அதுதான்.

அதைவிட வேடிக்கை, பெரிய ஸ்பீக்கர் போட்ட பிறகு தாளம் குறைந்துவிட்டது என்றார். "பழசே நல்லா இருந்துச்சும்மா" என்றார். இதற்குக் காரணம் உண்டு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டும் ஓரத்து இடுக்கு வழியாகச் சந்தித்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருப்பது இதற்காகத்தான். மோட்டார் சைக்கிளில் முன்கூடுதான் பெட்டி. அதன் விளிம்பில் அலை அலையாக ஓட்டை விட்டால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். இறுக்கமாக மூடிய ஐந்தே கால், ஒழுகுகிற ஆறரையை எளிதாக வெல்லும். ஸ்பீக்கர் விளிம்பைச் சுற்றி ஒட்டுகிற நுரைப் பட்டை சில ரிங்கிட்தான். நூற்றுக்கணக்கில் செலவழித்து ஸ்பீக்கர் வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஸ்பீக்கரின் முதுகில் 2 ஓம், 4 ஓம் என்று ஓர் எண் இருக்கும். மின்தடை. சில டூரிங் வண்டிகளின் ரேடியோ 2 ஓம் ஸ்பீக்கரை எண்ணிச் செய்யப்பட்டது. அதில் கார் கடையில் கிடைக்கும் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் ஏறக்குறையப் பாதித் திறன்தான் போய்ச் சேரும். அண்ணன் "புது ஸ்பீக்கர் மந்தமா இருக்கு" என்பார். மாற்றிச் செய்தால் இன்னும் மோசம்: 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயரில் 2 ஓமைப் போட்டால் அது சூடேறி அணைந்துபோகும், அல்லது ஒரேயடியாகப் போய்விடும்.

வாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் 300 வாட்டை மறந்துவிடுங்கள். அது ஒரு நொடித் தாக்குப்பிடிப்பு. ஆர்எம்எஸ் என்று சின்ன எழுத்தில் இருப்பதுதான் தொடர்ந்து தாங்குவது. அதையும்விட முக்கியம் சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்ற எண். இதில் 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வாட் கொடுப்பதும் 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட் கொடுப்பதும் ஒன்றுதான். தனி ஆம்ப்ளிஃபயர் வைக்காமல் வண்டியோடு வந்த ரேடியோவை வைத்தே ஓட்டப் போகிறவர்கள் அளவைவிட இந்த எண்ணைப் பார்த்து வாங்கலாம் என்பது என் கருத்து.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது. ரவாங் தாண்டி 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சல் 100 டெசிபலை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். இந்த இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த ஒலி, உறுமல் மாதிரி. எனவே பாட்டின் பாஸ் பகுதியைக் கூட்டிக் கூட்டிக் காற்றோடு மல்லுக்கு நிற்பது வீண் வேலை. ஸ்பீக்கர்தான் திணறும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டி மூலம் வெட்டிவிட்டால், அதே ஸ்பீக்கர் குரலைத் தெளிவாகக் கொடுக்கும். சொற்களைப் புரியவைக்கிற "ச", "த", "க" எல்லாம் நடு, உயர் பகுதியில் இருக்கின்றன.

அலைபேசியிலிருந்து வரும் பாட்டைவிட எஃப்எம் வானொலி சாலையில் நன்றாகக் கேட்கிறதே என்று சிலர் கேட்பார்கள். எங்கள் பெருமை பேசவில்லை. ஒலிபரப்புக்கு முன்னால் மெல்லிய பகுதிகளை உயர்த்தி, உரத்த பகுதிகளை அடக்கி, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருகிறோம். ஓர் இசைத்தட்டில் புல்லாங்குழல் மெல்ல நுழையும் இடம் காற்றில் தொலைந்துபோகும். வானொலியில் அது தப்பிக்கும். வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்கள் இதையே குறையாகச் சொல்வார்கள், அது வேறு கதை.

அண்ணனின் கதைக்கு வருகிறேன். பினாங்கு வரை ஓட்டிவிட்டு வந்து, புது ஸ்பீக்கரும் போதவில்லை, ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணி தனியாக என்னிடம் சொன்னார்: "எனக்குக் காது இரண்டு நாளா ரீங்காரம் போடுது. அவரு இன்னும் கூட்டணும்ங்கிறாரு." அண்ணன் இருபத்தைந்து வருடம் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்தவர். வீட்டில் தொலைக்காட்சியும் சத்தமாகத்தான் ஓடும். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அண்ணி வற்புறுத்தி அழைத்துப் போனதில், இடது காதில் உயர் ஒலிகள் நிறையக் குறைந்திருப்பது தெரிந்தது. பாட்டில் வார்த்தை புரியவில்லை என்று அவர் ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான். ஆறரை போட்டாலும் எட்டு போட்டாலும் அந்தக் காது கேட்கப் போவதில்லை.

வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் கணக்கு ஒன்று உண்டு: 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு... 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்தே நிமிடம். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ போகவே இரண்டு மணி நேரம் ஆகும். பாட்டே போடாவிட்டாலும் காற்று மட்டுமே அந்த வேலையைச் செய்துவிடும். அதன் மேல் பாட்டையும் ஏற்றுகிறோம்.

நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் பலர் தலைக்கவசத்துக்குள் காதடைப்பான் போடுகிறார்கள். பாட்டுக் கேட்க ஸ்பீக்கர் வாங்கிவிட்டுக் காதை அடைப்பதா என்று அண்ணன் சிரித்தார். போட்டுப் பார்த்தால் தெரியும்: காற்றும் பாட்டும் சேர்ந்தே குறையும், ஆனால் காது திணறாமல் இருப்பதால் குரல் முன்னைவிடத் தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

பின்னால் உட்காருபவர்களின் கணக்கு வேறு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். போதாததற்கு ஓட்டுபவரின் முதுகு உயர் ஒலிகளை மறைக்கும். முன்னால் இருப்பதைக் கூட்டி அண்ணிக்குக் கேட்க வைக்க நினைத்தால் அண்ணன் காதுதான் போகும். பின்பெட்டியில் இரண்டு சின்ன ஸ்பீக்கர், அதற்குத் தனிச் சத்தக் கட்டுப்பாடு என்பதுதான் முறை. இல்லாவிட்டால் தலைக்கவசத்துக்குள் வைக்கும் புளூடூத் ஸ்பீக்கர். பெரும்பாலும் 40 மில்லிமீட்டர்தான், காதுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதுவே ஏராளம். சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் காரில் இருப்பவருக்கு நம் பாட்டு ரசனையை அறிவிக்கவும் வேண்டியதில்லை.

அண்ணன் வெட்டுப்பட்ட உள்கூட்டைத் தூக்கிப்போட்டு, ஒரு பழைய உதிரிபாகக் கடையில் அதே வருடத்து உள்கூடு வாங்கினார். இந்த முறை ஐந்தே கால் அங்குலம், ரேடியோவுக்குப் பொருந்துகிற ஓம், படகுகளுக்கென்று செய்யும் வகை. உப்புக்காற்றுக்கும் வெயிலுக்கும் செய்தது நம் நான்கு மணி மழைக்கும் தாங்கும். கூம்பு பாலிப்ரொப்பிலீன், சுற்று வளையம் ரப்பர். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் போயிருந்தேன். நுரைப் பட்டை ஒட்டி, கம்பிகளை மாட்டும் முன் ஒரு சின்ன சோதனை செய்தோம். ஒன்றரை வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். இரண்டிலும் அப்படி வந்தால் வயர்களின் பிளஸ், மைனஸைப் பார்த்து மாட்டலாம். ஒன்று மாறிவிட்டால் தாளம் மறைந்து, குரல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் மிதக்கும்.

எல்லாம் முடிந்து வானொலியில் ஓர் அறிவிப்பாளர் தனியாகப் பேசும் நேரமாகப் பார்த்துப் போட்டோம். குரல் சரியாக நடுவில், ஹேண்டில்பாருக்கு மேலே நின்றது. அண்ணி பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்.