கூரையுள்ளார்க்கு மட்டுமா கொடை?

கதிரவன் குடிசைக்கும் மாளிகைக்கும் ஒன்றாகவே காய்கிறான். அவ்வொளியை மின்னாக்கிக் கொள்வார்க்கு அரசு நீட்டும் பணமோ ஆள்பார்த்துச் செல்கிறது.

2024 பிப்பிரவரியில் நடுவண் அமைச்சரவை, ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் கதிரொளித் தகடு பொருத்தும் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. அதற்கு ஒதுக்கிய தொகை 75,021 கோடி உருபா. திட்டத்தின் பெயர், 'பி.எம். சூர்ய கர் முப்த் பிசிலி யோசனா'. இதனை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் தமிழனுக்குத் தனியே ஓர் உதவித்தொகை தரலாம்! இதில் 'முப்த்' பாரசீகச் சொல். பாரசீகத்திற்கு இடமுண்டு; 'கட்டணமில்லா மின்னாற்றல்' என்னும் எளிய தமிழுக்கு இடமில்லை.

பெயர் கிடக்கட்டும். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 உருபா, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலுமாயின் 78,000 என்பது உதவியின் அளவு. ஒரு கிலோவாட்டுத் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு மின்னாற்றல் தரும். சொந்த வீட்டில் வாழும் நடுத்தரக் குடும்பத்திற்கு இது மெய்யான உதவியே, பழிக்கத் தக்கதன்று. (மின்தடையின்போது இத்தகடும் உறங்கிவிடும் என்பதை மட்டும் விற்பவர் பலர் சொல்வதில்லை. கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிர்காக்க அமைந்த ஏற்பாடு அது. சேமக்கலம் வேண்டுமாயின் செலவு வேறு.)

ஆனால், இக்கொடையைப் பெறுவோர் யார்? முதலில் கூரை வேண்டும். கிலோவாட்டு ஒன்றுக்கு நூறு சதுர அடியேனும் நிழலின்றி வேண்டும். தகடு பொருத்தி, அளவி மாட்டி, ஆய்வும் முடிந்த பின்னரே பணம் வங்கிக்கு வரும். ஈடில்லாக் கடன் உண்டு எனினும், அதனைக் கேட்டு விண்ணப்பிப்பவனும் வீட்டுக்காரனே.

குடிக்கூலிக்கு இருப்பவன் நிலை என்ன? மின்கட்டணம் அவன் கையிலிருந்து போகிறது, மொட்டைமாடியோ உரிமையாளருடையது. கட்டணத்தைக் கட்டாத உரிமையாளர் தம் பணத்தைப் போட்டுத் தகடு வைப்பாரா? வையார். வைக்க விரும்பும் குடியிருப்பவனுக்கோ ஓராணி அடிக்கவும் உரிமை இல்லை. அடுக்ககங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 உருபா உண்டு. அதுவும் மின்தூக்கி, நீரேற்றி போன்ற பொதுப் பயன்பாட்டிற்கே.

ஏழைக்கு இத்திட்டத்தால் மிச்சமும் இல்லை. தமிழ்நாட்டில் 2016 முதல் இரு திங்களுக்கு 100 அலகு கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதற்குள் அடங்கும் வீட்டில் தகடு எதைக் குறைக்கும்?

ஏழைக் கூரைக்குக் கதிரொளி எட்டாத ஒன்றன்று. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீட்டுத் திட்டம், 300 சதுர அடி வீட்டைக் கட்டித் தந்து, ஐந்து கதிரொளி விளக்குகளையும் அதிலேயே பொருத்தியது. கைப்பணத்தை முன்னே வை, பின்னே தருகிறோம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

ஓரிடத்துத் தகட்டில் விளையும் மின்னைப் பல வீட்டுக் கணக்குகளில் பங்கிட்டுக் கழிக்கும் முறைக்குத் தில்லியில் 2019-ஆம் ஆண்டிலேயே நெறிமுறை வகுத்தனர். இங்கே பள்ளிக் கூரைகள் பகலெல்லாம் வெயிலில் காய்ந்து கிடக்கின்றன. அவற்றில் தகடு பரப்பி, சூழ வாழும் குடிக்கூலியார் கணக்கில் அம்மின்னைக் கழிக்க வேண்டும்; அவர்தம் பங்கிற்குரிய உதவித்தொகையையும் முன்னரே தர வேண்டும்.