தாங்குகிறவளை யார் தாங்குவது?

புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் மாலை வேளையில் ஜன நெருக்கத்துக்குக் கேட்க வேண்டுமா? அங்கே ஆறு வயதுப் பையன் ஒருவன், பஸ்ஸின் ஊதல் கேட்ட மாத்திரத்தில் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கதறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் அவன் பக்கத்தில் மண்டியிட்டு அமர்ந்திருக்கிறாள். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்" என்கிறார் ஒரு பெரியவர். "நாலு அடி வைத்தால் சரியாய்ப் போய்விடும்" என்கிறாள் ஓர் அம்மாள். யோசனைக்குப் பஞ்சமே இல்லை. அவள் கையிலிருக்கும் காய்கறிப் பையை வாங்கிக்கொள்ள மாத்திரம் ஒருவரும் முன்வரவில்லை.

அந்தப் பையனுக்கு இருப்பது ஆட்டிஸம். அது மூளையின் வளர்ச்சியிலே பிறவியிலிருந்து அமைந்த ஒரு வேறுபாடு. நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் சப்தம் அவன் காதில் இடியாக விழலாம். மனத்தில் உள்ளதைச் சொல்ல வாய் வராமல் போகலாம். 1943-ஆம் வருஷம் அமெரிக்காவில் லியோ கான்னர் என்னும் வைத்தியர் பதினொரு குழந்தைகளைப் பரிசீலித்து இதை விவரித்து எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள், தாய் அன்பு காட்டாததே காரணம் என்று படித்தவர்களே பழி சுமத்தினார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர் ஒரு நூல் எழுதி அந்தக் கொள்கையைத் தகர்த்தார். அவரே அப்படிப்பட்ட ஒரு பையனின் தகப்பனார். விஞ்ஞானிகள் கைவிட்ட அந்தப் பழியை நம் வீட்டுத் திண்ணைகள்தாம் இன்னும் கைவிடவில்லை.

குழந்தை இரவில் உறங்காவிட்டால் தாயும் உறங்குவதில்லை. விசேஷ வீடுகளுக்குப் போவது நின்றுவிடுகிறது. "எனக்குப் பின் இவனுக்கு யார்?" என்ற கேள்வி நடுநிசியில் வந்து நிற்கிறது. இவ்வளவையும் வாய் திறவாமல் சுமப்பவளைப் 'பொறுமையின் சிகரம்' என்று புகழ்ந்துவிட்டு நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். புகழ்ச்சியால் ஒரு மணி நேர உறக்கம்கூட அவளுக்குக் கிடைப்பதில்லை.

இந்தச் சுமையைக் குறைக்க வழியுண்டா? உண்டு. 2014-இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆட்டிஸமும் வேறு குறைபாடுகளும் உள்ள குழந்தைகளின் தாய்மார் 243 பேர் அதில் கலந்துகொண்டனர். சிலருக்கு மூச்சைக் கவனித்து உடலைத் தளர்த்தும் பயிற்சி. மற்றவர்களுக்குக் குற்ற உணர்ச்சியையும் கவலையையும் சமாளிக்கும் பயிற்சி. இரு சாராருக்கும் மனச்சோர்வும் கவலையும் குறைந்தன, உறக்கமும் சீர்ப்பட்டது. பாடம் சொன்னவர்கள் பெரிய வைத்தியர்கள் அல்லர். அதே போன்ற குழந்தைகளைப் பெற்று, பயிற்சியும் பெற்ற தாய்மார்களே.

ஒருத்தி கற்று மற்றொருத்திக்குக் கற்பிப்பது புதுக்கோட்டைக்குப் புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து இம்மாவட்டத்துக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் விடக் கற்றார்கள். பரிகாசம் செய்தவர்களும் இருந்தார்கள். பலர் சேர்ந்து கற்றதனால் தனி ஒருத்திக்கு வரக்கூடிய கூச்சம் அகன்றது. ஆட்டிஸக் குழந்தைகளின் தாய்மார் நாலு பேர் வாரம் ஒருமுறை ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் கூடினால், அதே தைரியம் அங்கேயும் பிறக்கும்.

வீட்டார் செய்ய வேண்டியவையும் சில உண்டு. தினம் ஒரு மணி நேரமாவது குழந்தையைத் தகப்பனாரோ, பாட்டியோ, சித்தியோ பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். இரவில் கண்விழிப்பதைக் கணவனும் மனைவியும் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். குழந்தை கதறும் சமயத்தில், பெரியவர் முதலில் தம் மூச்சை நிதானமாக விட்டுத் தம்மை அடக்கிக்கொள்ள வேண்டும். எப்போது, எங்கே, எதனால் கதறினான் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தால், பசியா, சப்தமா, வழக்கம் மாறியதா என்பது சில வாரங்களில் புலப்படக்கூடும்.

சர்க்காரின் உதவியைக் கேட்பதும் யாசகம் அல்ல. 2016-ஆம் வருஷச் சட்டம் அங்கீகரித்த இருபத்தொரு வகைக் குறைபாடுகளில் ஆட்டிஸமும் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, அதற்கான சான்றிதழைப் பெற வேண்டும். தாய்க்கே வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவு பிடிக்காமல், வாழ்வே வெறுத்துப்போகுமானால், அதுவும் வைத்தியரிடம் காட்ட வேண்டிய நோய்தான். 2022-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்தால், இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நேயர்களே, அடுத்த முறை கடைத்தெருவில் ஒரு குழந்தை அப்படிக் கதறக் கண்டால், யோசனை சொல்ல வேண்டாம். கூட்டத்தைச் சற்று விலக்கிவிடுங்கள். "அந்தப் பையை இப்படிக் கொடுங்கள் அம்மா, நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.