ஷீல்டு இல்லாத சாதனை!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால் விருதுச் செய்திகள் தினமும் என் மெயிலுக்கு வந்து விழும். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே போட்டோதான்... சால்வை, ஷீல்டு, சிரிப்பு. விருது வாங்குவது தப்பில்லை. ஆனால், வாங்கியவர்களால் யாருடைய வாழ்க்கை மாறியது என்பது அந்த போட்டோவில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நல்ல உதாரணம், தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கி.

அரூரைத் தாண்டி, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தாக்கு அது. மலையாளி பழங்குடியினரும் லம்பாடி மக்களும் வாழும் ஊர்கள். 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ் - டாக்டர் லலிதா தம்பதி இங்கே ஆரம்பித்த மருத்துவமனை பற்றி நீங்கள் படித்திருக்கலாம். அதே ஊரில், கட்டடக் கலைஞர்களான அனு - கிருஷ்ணா தம்பதி தொடங்கிய 'துளிர்' கல்வி மையத்தைப் பற்றி வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைகள் மாலையில் வந்து படிக்க, கைவேலை கற்க, விளையாட ஓர் இடம். துளிர் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால், பெரிய கேள்வி வேறு. பத்தாம் வகுப்பில் ஃபெயிலான பிள்ளை என்ன செய்யும்? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவிகிதம். தருமபுரியில் 68.54. மாநிலத்திலேயே கடைசி இடம். ஃபெயில் என்றால் இங்கே பல பிள்ளைகளுக்கு அடுத்த ஸ்டாப் திருப்பூர் பஸ்தான்.

அந்தப் பிள்ளைகளுக்காகவே அடிப்படைத் தொழில்நுட்பப் பயிற்சியைத் தொடங்கியது துளிர். கட்டட வேலை, எலக்ட்ரிக்கல், பிளம்பிங், மூங்கில் வேலை... கூடவே, விட்ட படிப்பைத் தொடர உதவி. கணக்கு வராது என்று ஒதுக்கப்பட்ட பையன் சுவர் எழுப்பும்போது அளவெடுக்கிறான். செங்கல் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போடுகிறான். கணக்கு அவனுக்கு வராமல் இல்லை. நாம் சொல்லிக்கொடுத்த விதத்தில் வரவில்லை, அவ்வளவுதான். இங்கே படித்த பிள்ளைகள் ஆரோவில் மாரத்தானிலும் ஓடியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், சொந்த ஊரிலேயே ஒரு தொழிலோடு நிமிர்ந்து நிற்கும் இளைஞர்தான் ஒரு கல்வி அமைப்புக்குக் கிடைக்கக்கூடிய பெரிய விருது. அதை மேடையில் கொடுக்க முடியாது.

ஒவ்வொரு வருடமும் ரிசல்ட் வரும் நாளில் 'ஃபெயில்' என்ற ஒரே வார்த்தையில் எத்தனையோ வீடுகள் இடிந்துபோகின்றன. உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால் தைரியம் சொல்லுங்கள். ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு எழுதலாம். அதற்கும் முன்னால், 'உனக்கு எந்த வேலை செய்யப் பிடிக்கும் கண்ணு?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

பல பிள்ளைகளிடம் இதை இதுவரை யாருமே கேட்டதில்லை!