தோலும் துகிலும்

ஜப்பான் தேசத்தின் கியோத்தோ நகரில் ஆண்டுதோறும் ஜூலை மாதம் நடைபெறும் கியோன் திருவிழாவில், பெரிய மரத்தேர்களை அந்நகரத்து மக்கள் வீதிதோறும் இழுத்துவரும்பொழுது, அத்தேர்களை அலங்கரிக்கும் தொங்கல்களுள் நம் நாட்டுத் துணிகளும் பல தலைமுறைகளாக இடம்பெற்று வந்திருக்கின்றன என்பதை நம்மவரில் மிகச் சிலரே அறிவர். அத்தேர்களுள் ஒன்றாகிய தெற்குக் கண்ணோன் தேருக்கு உரிய இந்தியச் சாய ஓவியத் துணி ஒன்று 1684ஆம் ஆண்டின் தேதியைத் தாங்கியிருக்கிறது. ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகளாக, பூகம்பங்களையும் தீவிபத்துகளையும் கடந்து, அதைக் காத்துவந்தவர்கள் அரசர்களோ பிரபுக்களோ அல்லர். தலைமுறைக்குத் தலைமுறை அத்தேரைத் தங்கள் பொதுச்சொத்தாகப் பாவித்து வரும் ஒரு தெருவின் குடிகள். பாலாற்றங்கரையில் வாழ்கிற நாம் சிந்திக்க வேண்டிய விஷயம் அந்தத் தெருக்குடிகளின் சிரத்தைதான்.

இந்தியத் துணிகள் அவ்வளவு தூரம் சென்ற வரலாறு விசித்திரமானது. டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகளைக் கொள்முதல் செய்து கீழைத் தீவுகளுக்கு அனுப்பினர்; அவற்றில் ஒரு பகுதி ஜப்பானுக்கும் போயிற்று. 1641க்குப் பிறகு நாகசாகித் துறைமுகத்தின் தேஜிமா என்னும் சிறு தீவே அவர்களுக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட ஒரே வாசல். அவ்வாசல் வழியாக நுழைந்த பூந்துணிகளைச் ‘சராசா’ என்றும், கோடிட்ட துணிகளைச் சென்னை மயிலாப்பூரின் சாந்தோமை நினைவூட்டும் பெயராலும் ஜப்பானியர் அழைத்தனர். தேநீர்ச் சடங்கில் வல்லவர்கள் விலையுயர்ந்த தேயிலைக் குப்பிகளுக்கு உறை தைப்பதற்காக இத்துணியின் துண்டுகளைத் தேடி வாங்கினர். கைக்குட்டையளவு கூட இல்லாத கிழிசலும் அவர்களிடத்தில் பெரும் மதிப்பைப் பெற்றது. ஹிகோனே நாட்டுப் பிரபுக்களான ஈ குடும்பத்தார் சேர்த்துவைத்த சுமார் 450 துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பழைய ஜப்பானியத் துணிகளையும் கையால் தைத்த உடைகளையும் சேகரிப்போர் இன்று உலகெங்கும் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் போற்றும் அந்த மரபின் நடுவே நம் கரையின் சாயமும் கலந்திருக்கிறது.

அந்தச் சாயத்தின் இரகசியம் என்ன? நெய்த துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலிழைக்குள் இறங்கி நிற்கும். பாலின் கொழுப்பு, பின்னர் எழுதும் கோடுகள் பரவிவிடாமல் காக்கும். இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு புளிக்கவைத்த நீரால் கோடு எழுதினால், அது கடுக்காயோடு கூடிக் கரிய நிறமாக மாறும். படிகாரக் கரைசலைப் பூசிய இடங்களோ, சாயவேரோடு கொதிக்கவைக்கும்போது செந்நிறம் பெறும். இப்படி ஏறிய சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஜப்பானியக் கைவினைஞர்கள் இத்துணிகளைப் பார்த்து துளையச்சுத் தாள்களால் தாங்களே சராசா செய்து பழகினார்கள், அவையும் அழகியவையே, எனினும் சாயவேர் தரும் அந்த ஆழமான நிறம் அவர்களுக்கு எளிதில் கைகூடவில்லை.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் உள்ளவர்களுக்குக் கடுக்காய் என்றதும் வேறொரு ஞாபகம் வரவேண்டும். குரோமிய உப்பினால் பதனிடும் முறை பரவுவதற்கு முன்பு, ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்ட குழிகளில் வாரக்கணக்கில் ஊறிப் பக்குவமடைந்த தோல்தான் இப்பகுதியிலிருந்து சீமைக்குக் கப்பலேறியது. ஜவ்வாது மலையின் கடுக்காயும், தரிசு நிலங்களில் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த ஆவாரையும் இந்தத் தொழிலுக்கு மூலதனமாயிருந்தன. நூலில் சாயத்தை நிறுத்திய அதே துவர்ப்பு, தோலை அழுகாமல் காத்தது. குடியாத்தத்துத் தறியும் ஆம்பூர்த் தோற்குழியும் இரண்டு வெவ்வேறு உலகங்கள் என்று நாம் எண்ணிவந்திருக்கிறோம். பழைய கைத்தொழிலின் கண்கொண்டு நோக்கினால் அவை ஒரே வனத்தையும் ஒரே அறிவையும் பங்கிட்டுக்கொண்ட அண்டை வீடுகள்.

இவற்றில் இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது எவ்வளவு? பாட்டி உடுத்திய பட்டுப்புடவையை, “பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம்” என்று தெருவில் கூவி வருகிறவரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் அதை எரித்துச் சரிகையிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கிறார். நூற்சேலைகள் எவர்சில்வர்ப் பாத்திரத்துக்கு விலையாகப் போகின்றன. வறுமையில் விற்பவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வசதியுள்ள குடும்பங்களும் இதையே செய்கின்றன என்பதைப் பார்க்கும்போது நெஞ்சு வருந்துகிறது. ஆரணிப் பட்டிலும் குடியாத்தம் கைலியிலும் ஒரு காலத்தில் என்னென்ன கட்டங்கள், என்னென்ன கரைகள் வழங்கின என்பதற்குச் சாட்சியம் அந்தப் புடவைகளும் கைலிகளும்தாம். ஏனெனில் நெசவாளர் தம் கைத்திறனைப் புத்தகத்தில் எழுதிவைக்கவில்லை.

தோலின் நிலை இன்னும் பரிதாபகரமானது. கிணற்றிலிருந்து நீரிறைத்த கவலை ஏற்றத்தின் தோல்வால், கொல்லனின் துருத்தி, உழவரின் தடித்த செருப்பு, பறையின் முகம் முதலிய எண்ணிறந்த பொருள்களை நம் முன்னோரின் கைகள் படைத்தன. அவற்றைப் படைத்தவர்களைத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கிய சமூகம், அவர்களுடைய படைப்பைப் பேணிவைக்கும் எண்ணத்தையும் கொள்ளவில்லை. ஊரின் வயல்களுக்கெல்லாம் நீர் கொடுத்த தோல்வால் தேய்ந்து கிழிந்த பிறகு அதை யார் எடுத்துவைத்தார்கள்? கோயிலின் வெண்கலத்துக்கும் அரண்மனையின் வாளுக்கும் கிடைத்த கௌரவம் தோற்பொருளுக்குக் கிடைக்கவேயில்லை.

இவ்விஷயத்தில் ஜப்பானியரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. அந்நாட்டுப் பெருந்தீவின் வடகோடியிலுள்ள அவோமோரிப் பகுதியில் குளிர் மிகுதியால் பருத்தி விளையாது. ஏழை உழவர்கள் சணல் துணியில் பழந்துணித் துண்டுகளை ஒட்டுமேல் ஒட்டாகத் தைத்து, தந்தை உடுத்ததை மகனும் மகன் உடுத்ததைப் பேரனும் உடுத்தினர். ‘போரோ’ எனப்படும் அவ்வொட்டுத் துணிகள் அம்மக்களுக்குத் தங்கள் வறுமையின் அடையாளமாகத் தோன்றியமையால் அவர்கள் அவற்றை மறைத்தனர், எரித்தனர். தனாக்கா சூசாபுரோ என்ற நாட்டுப்புறவியல் ஆய்வாளர் வீடுவீடாகச் சென்று அவற்றை வாங்கிச் சேர்த்தார். இன்று அவை உலகத்தின் பெருங்கூடங்களில் வியப்போடு பார்க்கப்படுகின்றன. வறுமையை அழகென்று கொண்டாடுவது என் நோக்கமன்று. அப்படிக் கொண்டாடுவதில் ஒரு கொடுமையும் உண்டு. ஆனால் ஒரு தாய் தன் குழந்தை குளிரில் நடுங்காதிருக்க இட்ட தையல், மன்னனின் பொன்னாடையைப் போலவே பாதுகாக்கத்தக்கது என்று ஒருவர் உணர்ந்து செயலாற்றியதால்தான் அந்தத் தையலை இன்று நாம் காண முடிகிறது.

நம் ஊர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கோஃபு நகரத்தில் இருக்கிறது. மான்தோலின்மேல் அரக்குப் பாலால் நுண்ணிய கோலங்களைப் பதிக்கும் ‘இந்தென்’ என்னும் தொழிலுக்குப் பெயர்பெற்றது அவ்வூர். இந்தியாவிலிருந்து வந்த தோற்பொருள்களின் தொடர்பாலேயே அத்தொழில் அப்பெயர் பெற்றது என்பது அங்குள்ளோர் கூற்று. 1582ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் ஒரு தோற்கடை இன்றளவும் அங்கே வியாபாரம் செய்வதோடு, பழைய தோற்பைகளையும் பிற தோல்வேலைகளையும் திரட்டித் தனியே ஓர் அருங்காட்சியகமும் நடத்திவருகிறது. எடோ காலத்தில் தீயணைப்போர் அணிந்த, புகையூட்டிய மான்தோல் மேலங்கிகளையும் பல நாட்டு அருங்காட்சியகங்கள் போற்றி வைத்திருக்கின்றன. தோல் வியாபாரி தன் தொழிலின் பழைமையைத் தானே காப்பது இயலாத காரியமன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வேலூருக்கோ, உடையைப் பற்றிய ஒரு பெருங்கதையே உண்டு. 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று, முந்தைய ஆண்டின் இறுதியில் புகுத்தப்பட்ட புதிய தலைப்பாகை. ஐரோப்பியத் தொப்பியை ஒத்திருந்த அதில் தோலாலான சின்னம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. துணியும் தோலும் சேர்ந்த ஒரு தலையணி, சென்னைக் கவர்னரையும் சேனாதிபதியையும் பதவியிழக்கச் செய்த நிகழ்ச்சிக்கு வித்தாயிற்று. நம் குழந்தைகள் அதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வாக்கியமாகவே அறிகிறார்கள். அக்காலத்துச் சிப்பாயின் உடுப்பு எத்தகையது, தலைப்பாகையை எப்படிக் கட்டினர், தோற்சின்னம் ஏன் அவ்வளவு அச்சத்தை விளைத்தது என்பவற்றை அவர்கள் கண்ணால் கண்டு விளங்கிக்கொள்ள ஓரிடம் வேண்டாமா?

ஆகவே, தோலும் துணியுமாகிய கைவினைக்கென வேலூரில் ஒரு நிலையான காட்சிக்கூடம் அமைய வேண்டும் என்பது என் கோரிக்கை. பாலாறு பாழ்பட்டிருக்கும்போது இதற்கென்ன அவசரம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. தோற்கழிவால் கெட்ட நிலத்துக்கும் நீருக்கும் கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்களின் வழக்கில்தான் உறுதியாகச் சொல்லிற்று. அந்தக் கடமை எதற்காகவும் தள்ளிப்போடத் தக்கதன்று. பழைய முறையிலும் சுண்ணாம்பும் உப்பும் துர்நாற்றமும் இருந்தன. அதைப் புனிதமாக்கிக் காட்டவும் நான் முயலவில்லை. ஆனால் குரோமியத்துக்கு மாற்றைத் தேடும் இக்காலத்தில், பட்டையாலும் காயாலும் தோலைப் பக்குவம் செய்தவர்களின் அறிவு மறைந்துபோக விடுவது விவேகமாகுமா? 1948 முதல் சென்னை அடையாற்றில் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், பழைய தோலைச் சிதையாமல் காக்கும் வழிகளையும் நமக்குச் சொல்லித்தர இயலும்.

பொருளுதவிக்கு முன்னுதாரணம் இம்மண்ணிலேயே இருக்கிறது. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததும், மேல்விஷாரம் தந்த தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீமின் கொடைகள் கல்வியை வளர்த்ததும் இத்தொழிலின் ஈட்டம் பொதுநன்மைக்குப் பயன்பட்ட வரலாறு. அக்கொடையுணர்ச்சி இன்றைய ஏற்றுமதியாளரிடமும் இருக்கிறது. ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்களே தைக்கிறார்கள். அவர்கள் தைத்த காலணி அயல்நாட்டுப் பெயரைத் தாங்கிக் கடல் கடக்கிறது. அவர்களுடைய கருவிகளுக்கும் பெயர்களுக்கும் அக்கூடத்தில் ஓர் அறை ஒதுக்கப்படவேண்டும்.

வீட்டில் பழந்துணி வைத்திருப்போர் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிளாஸ்டிக் உறையில் கட்டிவைக்காமல் வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, ஆண்டுக்கு ஒரு முறையேனும் நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி வையுங்கள். சட்டம் போட்டு மாட்டுவதற்காகத் துண்டாக்காதீர்கள். நூறாண்டு கடந்த பொருளானால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. எல்லாவற்றினும் முக்கியமாக, நெய்தவர் எவ்வூரார், உடுத்தியவர் யார், எந்த விசேஷத்துக்கு எடுத்தது, கிழிந்த இடத்தை எந்தக் கை தைத்தது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். ஆவாரம் பட்டைக் குழியில் இறங்கி வேலை செய்த முதியவர்கள் ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் இன்னும் இருக்கிறார்கள். பட்டையை எவ்வளவு காலம் ஊறவிட்டார்கள், தோல் பக்குவமானதை விரலால் தொட்டு எப்படி அறிந்தார்கள், கூலி என்ன பெற்றார்கள் என்று அவர்கள் வாய்மொழியாகவே கேட்டுப் பதிவு செய்யும் பணியை, வரும் கோடை விடுமுறையிலேயே நம் கல்லூரி மாணவர்களிடம் ஒப்படைக்கலாம்.